முப்பது மீட்டர் ஏறும் மேசை

20-12-2024, வெள்ளிக்கிழமை.

இன்று ஒப்புக்கொள்ள வேண்டிய சிறு தவறு: கடிகாரம் கெட்டுப்போனது என்று, அதை எனக்கு விற்றவருக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தேன். மூன்றாவதில் 'பித்தலாட்டம்' என்ற சொல் இருந்தது. கடிகாரம் கெடவில்லை. எனக்குத்தான் விவரம் போதவில்லை. மன்னிப்புக் கேட்டு நான்காவது அனுப்பிவிட்டேன். அவர் பதில் எழுதவில்லை. எழுதாதவரை எனக்கு நல்லது.

அதீப்பின் நாட்குறிப்பைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒன்றாவது இப்படி ஒரு தவறு தேதி போட்டு உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் நாட்குறிப்பில் காதலை எழுதுவார்கள், கனவை எழுதுவார்கள். அவன் தன் மேல் தானே கொடுத்துக்கொள்ளும் புகார் மனுக்களை எழுதினான். முக்கியமான புகார்களுக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவான்.

வயது இருபத்து மூன்று. வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது என்று எழுதிவைப்பது அவன் பொறுப்பு. மாமு சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை அது. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஆறரை மணிக்கு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், மலை வழிகாட்டிகளுக்கான மாலை வகுப்பு நடந்தது. அங்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வான். வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்த வகுப்பு. சேரும்போது பதினாலு பேர் இருந்தார்கள். வரைபடத்தில் கோடு கோடாக உயரத்தைப் படிக்கும் பாடம் வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது மூன்று பேர்: அதீப், பைக் மெக்கானிக் ரஞ்சித், போளூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்யும் பூவிழி.

தேறினால் செங்கத்தில் இருக்கும் ஒரு மலையேற்றக் குழு பிப்ரவரியிலிருந்து வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதீப்பின் அப்பா இதற்கு ஒரே ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார். "ஒரு வருஷம் போ. கெடைச்சா மலை. கெடைக்கலன்னா டெஸ்பாட்ச். நடுவுல தொங்கக் கூடாது." நியாயமான பேச்சு என்பதால் அதீப்பால் கோபப்படக்கூட முடியவில்லை.

கடிகாரக் கதை இதுதான். வகுப்புக்காக உயரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை இணையத்தில் பழையதாக வாங்கியிருந்தான். தட்டு அகலம், கண்ணாடி கனம், நாலு பொத்தான். மணிக்கட்டில் கட்டினால் யாரோ கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அதற்கு முதலில் ஓரிடத்தின் சரியான உயரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம் ஏறினால், இறங்கினால் தானே எண்ணை மாற்றிக் காட்டும். சரியான உயரம் எங்கே கிடைக்கும்? ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று பொடியாக எழுதியிருக்கும். அதீப் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் பலகைக்கு நேராக நின்றான். பலகையில் இருந்த எண்ணைக் கடிகாரத்தில் வைத்தான்.

டிக்கெட் பரிசோதகர் கேட்டார்: "யாரை ஏத்திவுட வந்தே?"

"யாரையும் இல்லீங்க சார். வாட்ச்சுக்கு."

அவர் அடுத்த ஆளிடம் டிக்கெட் கேட்கப் போனார். பைத்தியத்திடம் ரொம்பப் பேசக் கூடாது என்று தெரிந்தவர்.

அங்கிருந்து கம்பெனிக்குப் போனான். காலை பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தபோது கடிகாரம் ஓர் உயரம் காட்டியது. மத்தியானம் ஒரு மணிக்குப் பதினைந்து மீட்டர் கூடியது. நாலு மணிக்கு முப்பது மீட்டர். இத்தனைக்கும் அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டீகூட மேசைக்கே வந்தது. முப்பது மீட்டர் என்றால் பத்து மாடி. கம்பெனிக் கட்டடத்துக்கு இருப்பதோ இரண்டு மாடி. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அதன்பிறகுதான் அந்த மூன்று மின்னஞ்சல்கள்.

நான்காவது நாள் வகுப்பில், பாடம் நடத்தும் ஆனந்தி மேடத்திடம் கடிகாரத்தை நீட்டினான். அவர் சிரித்துவிட்டார்.

"இது ஒசரத்தப் பாக்கறதில்லப்பா. காத்தோட கனத்தைப் பாக்குது. மேல போகப் போகக் காத்து லேசாவும், அத வச்சி ஒசரத்தை ஊகிக்குது. ஆனா காத்துக்கும் கடல் மாதிரி ஏத்தம் எறக்கம் இருக்கு. காலைல பத்து மணிக்குக் கனம், சாயங்காலம் நாலு மணிக்கு லேசு. தெனமும். நம்ம பக்கத்துல நல்லாவே தெரியும். நாலு மணிக்குக் காத்து லேசானதும் உன் வாட்ச் இன்னா நெனைக்கும்? ஐயா மலை ஏறிட்டாரு போலன்னு நெனைக்கும்."

ரஞ்சித் பெஞ்சைத் தட்டினான். "அப்போ பாய் குந்தின எடத்துலயே தெனமும் முப்பது மீட்டர் ப்ரொமோஷன் வாங்கிக்கினு இருக்கான் மேடம். அவங்க மொதலாளிக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் அதே கேள்வி: "இன்னா பாய், உன் மேசை இன்னிக்கு எவ்ளோ ஏறுச்சு?"

ஏறினதை எழுதிவைக்கலாமே என்று அதீப்புக்குத் தோன்றியது. யாருக்கும் தோன்றாத இடத்தில் அவனுக்குத் தோன்றும். காலை பத்து மணியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மணிக்கு மணி மேசை எத்தனை மீட்டர் ஏறியது என்று, லீவு நாளில் வீட்டு மேசையையும் சேர்த்து, இருபத்தொரு நாள் எழுதினான். சராசரி எடுத்தான். பச்சைப் பென்சிலால் ஏற்றம், சிவப்பால் இறக்கம். வீட்டில் அதைப் பார்த்த அம்மி, அவன் அம்மா, பதறிப்போனாள். "பேட்டா, டாக்டர் எழுதச் சொன்னாரா? எத்தினி நாளா பிரஷர்?" காற்றின் அழுத்தம் என்று அவன் விளக்கினான். அம்மிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வாரம் அவன் தட்டில் ஊறுகாய் வைக்கவில்லை.

இறுதித் தேர்வு மலைமேல். பொங்கல் லீவோடு சேர்த்து மூன்று நாள், ஆளுக்கு ஒரு நாள் முன்னால் நடந்து மற்றவர்களைக் கூட்டிப்போக வேண்டும். சனிக்கிழமை ரஞ்சித், ஞாயிறு அதீப், திங்கள் பூவிழி. ஆலங்காயம் தாண்டி மேலே, ஒரு சிற்றூரின் பள்ளிக்கூட அறையில் தங்கல். வனத்துறை அனுமதிச் சீட்டு மேடத்தின் பையில்.

சனிக்கிழமை வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ரஞ்சித் கடிகாரமும் பார்க்கவில்லை, வரைபடமும் ரொம்பப் பார்க்கவில்லை. எதிர்மலையைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், பாடிக்கொண்டே போய் நாலே காலுக்குத் தார்ச்சாலையில் நின்றான். தேர்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை அதீப் கண் விழித்தபோது பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த புளியமரத்தைக் காணவில்லை. பனி.

"ஒனக்குன்னே வந்திருக்கு பாய்," என்றான் ரஞ்சித். "கண்ணே தேவைப்படாத பரிட்சை. வாட்ச் போதும்."

மேடம் துணிப்பையைத் திறந்து எல்லாருடைய போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு விதிகளைச் சொன்னார். "இன்னிக்கு அதீப்தான் தலைவர். மத்த ரெண்டு பேரும் வாயத் தெறக்கக் கூடாது. வழியில யாரையும் வழி கேக்கக் கூடாது. உச்சிப் பாறைக்குப் போய், பின்பக்கமா எறங்கி, அஞ்சு மணிக்குள்ள தார்ரோட்டுப் பாலத்துக்கு வரணும். கருவி கோளாறு ஆச்சுன்னா, மார்ச்சுல இன்னொரு வாட்டி பரிட்சை வைப்பேன். தலைவரோட தப்பால நேரம் தாண்டுச்சுன்னா அடுத்த வருஷ வகுப்புதான்."

அடுத்த வருஷம் என்பது மேடத்துக்கு ஒரு சொல். அதீப்புக்கு அது டெஸ்பாட்ச்.

வழியின் முடிச்சு இறக்கத்தில் இருந்தது. உச்சிப் பாறை 1,040 மீட்டர். அதன் பின்சரிவில், சரியாக 880 மீட்டர் உயரத்தில் ஒரு நடைபாதை மலையை அரைஞாண் கயிறு மாதிரிச் சுற்றிக்கொண்டு பாலத்துக்குப் போகும். அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சரிவு முழுக்க மாட்டுத்தடங்கள். மேய்ச்சல் மாடுகள் நடந்து நடந்து, பத்து இருபது மீட்டருக்கு ஒன்றாக, படி கட்டியது போல, எல்லாமே பாதை மாதிரி இருக்கும். ஒன்றுதான் பாலத்துக்குப் போகும். மற்றவை எல்லாம் உண்ணிச்செடிப் புதருக்குள் போய் முடியும். வெயில் நாளில் மேலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம். பனியில் உயரம் ஒன்றுதான் துணை.

காலை சரியாகப் பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்தின் அருகே உயரம் வெட்டியிருந்த அளவுக்கல்லில் அதீப் கடிகாரத்தை வைத்தான். 760. கள நோட்டில் எழுதினான். ஏறினார்கள். அவன் ஒவ்வொரு அரை மணிக்கும் நின்று எழுதினான். அவன் நிற்கும்போதெல்லாம் ரஞ்சித் பேச வாயில்லாமல் கண்ணாலேயே கொட்டாவி விட்டான்.

மதியம் ஒரு மணி இரண்டு நிமிடத்துக்கு உச்சிப் பாறை. கடிகாரம் 1,055 காட்டியது. வரைபடத்தில் 1,040. அதீப்புக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அவன் அட்டவணைப்படி ஒரு மணிக்குப் பதினைந்து மீட்டர்தான் கூட வேண்டும். பிசகாமல் பதினைந்து! இருபத்தொரு நாள் மேசை ஏறியது வீண் இல்லை. தெரிந்த உயரம் கிடைக்கும் இடத்திலெல்லாம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது மேடத்தின் முதல் பாடம். 1,040க்குத் திருத்தினான். திருத்தியதையும் எழுதினான். அம்மி கொடுத்தனுப்பிய சப்பாத்தியையும் கைமாவையும் நாலு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தான். தலைவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தான்.

உச்சியிலிருந்து மலையின் முதுகு மேலேயே ஒன்றரை மணி நேரம் நடந்து, பிறகு பின்சரிவில் இறங்கினார்கள். பனி இன்னும் கெட்டியானது. முன்னால் நீட்டிய கைத்தடியின் முனை மங்கலாகத் தெரிந்தது. ஒரு மாட்டுத்தடம் வந்தது, கடந்தார்கள். இன்னொன்று வந்தது. மணி நாலாகப் பத்து நிமிஷம். கடிகாரம் 910 காட்டிய இடத்தில் காலடியில் ஒரு தடம் குறுக்கே ஓடியது.

அதீப் அட்டவணையை எடுத்தான். நாலு மணிக்கு நேராக, பச்சைப் பென்சிலில்: முப்பது.

"கவனிங்க," என்றான் உரக்க. தலைவர் தன் யோசனையை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. "வாட்ச் தொள்ளாயிரத்துப் பத்து காட்டுது. ஆனா நாலு மணிக்கு முப்பது மீட்டர் கூட்டிக் காட்டும். கழிச்சா எண்ணூத்தி எம்பது. இதான் நம்ம பாதை."

பூவிழி இருமினாள்.

சாதாரண இருமல் இல்லை. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது தட்டுவார்களே, அந்த மாதிரி அடுத்தடுத்து நாலு. அதீப் உடனே பைக்குள் கைவிட்டுச் சுக்கு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினான். "பனி ஒத்துக்கல போல. வாயில போட்டுக்கோ." பூவிழி அவனையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு மிட்டாயை வாங்கி, காகிதத்தைப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள். மேடம் எதையோ எழுதினார்.

அந்தத் தடத்தில் இருநூறு அடி போயிருக்க மாட்டார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு மாடு வந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. அவற்றின் பின்னால், தலையில் துண்டும் காதில் இயர்போனுமாக, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன்.

"மணி இன்னா சார்?" அதீப்பின் கையில் இருந்த அகலமான கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டான்.

அதீப் குனிந்து பார்த்துச் சொன்னான். "தொள்ளாயிரத்து ஒம்போது."

"அது இன்னா மணி சார்?"

"இல்ல, இது ஒசரம். மணி நாலு."

"ஒசரமா?" அவன் தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். பிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டவன் போல, "எம்பேரு சடையன். மாடு ஓட்டிக்கினு வூட்டுக்குப் போறேன். நீங்க எங்க போறீங்க, பாலத்துக்கா? அதுக்கு நீங்க..."

"அண்ணா, சொல்லாதீங்க!" அதீப் அலறிவிட்டான். "நாங்க வழி கேக்கக் கூடாது."

"நீங்க கேக்கவே வேணாம் சார். நானே சொல்றேன்."

"சொன்னாலும் தப்புங்கண்ணா. பரிட்சை." இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

சடையன் மற்ற மூவரையும் பார்த்தான். ரஞ்சித் வானத்தைப் பார்த்தான். பூவிழி மிட்டாயைக் கடித்தாள். மேடம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி சார். படிச்சவங்க," என்று சொல்லிவிட்டு, சடையன் மாடுகளைச் சரிவில் கீழ்நோக்கி இறக்கிப் பனிக்குள் மறைந்தான். கீழ்நோக்கி. அதை அதீப் கவனித்தான். கவனித்ததை நோட்டில்கூட எழுதினான். ஆனால் அட்டவணையில் மாடுகளுக்கு இடம் இல்லை.

நாலு பத்துக்குத் தடம் முடிந்தது. எதிரே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. அதன் வலப்பக்கம் ஈரப் பாறை சரேலென்று மேலே போனது. இடப்பக்கம் அதே பாறை சரேலென்று கீழே போனது.

அதீப் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். பயத்தில் முதலில் வந்த நினைப்பு, கடிகாரம் கெட்டுவிட்டது என்பதுதான். இரண்டாவது நினைப்பு, கெட்டிருந்தால் நல்லது என்பது. கெட்டிருந்தால் மார்ச். மூன்றாவதாகத்தான் கள நோட்டைத் திறந்தான். தன் கையெழுத்திலேயே, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது:

1.02. உச்சிப் பாறை. கடிகாரத்தைத் திருத்தினேன்.

வீட்டில் விருந்து நாளில் இது நடக்கும். தால்ச்சா அடுப்பில் கொதிக்கும். அம்மி உப்புப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போவாள். தங்கை ஜோயா இந்தப் பக்கம் வந்து, அம்மி மறந்துவிட்டாள் என்று இன்னொரு கை போடுவாள். இரண்டு பேரும் சரியான அளவுதான் போட்டிருப்பார்கள். வாயில் வைக்க முடியாது. இங்கே அம்மியும் அவனே, ஜோயாவும் அவனே. ஒரு மணி வரை ஏறிய பதினைந்து மீட்டரை உச்சியிலேயே கழித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஏறிய பதினைந்தை மட்டும் கழிக்க வேண்டியவன், காலையிலிருந்து எண்ணி முழு முப்பதையும் கழித்திருக்கிறான். நிற்பது 895இல். பாதை பதினைந்து மீட்டர் கீழே. கடிகாரம் சரி. அட்டவணை சரி. வரைபடம் சரி. அந்த மலையில் தப்பாக இருந்த ஒரே பொருள் கல் மேல் உட்கார்ந்திருந்தது.

"தப்பு என்னோடது," என்று தனக்குள் முணுமுணுத்தான். பிறகு உரக்கச் சொன்னான்: "வந்த வழியே திரும்பணும். வாட்ச் எண்ணூத்தித் தொண்ணூத்தஞ்சு காட்டற வரைக்கும் எறங்கணும்."

பூவிழி இந்த முறை இருமவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

திரும்பி நடந்தார்கள். மாடுகள் இறங்கிய இடத்தில், அந்தக் குளம்படிகளின் மேலேயே, இறங்கினார்கள். கடிகாரம் 895க்கு வந்தபோது காலடியில் பாதை இருந்தது. மாட்டுத்தடத்துக்கும் பாதைக்கும் என்ன வித்தியாசம் என்று நின்றபிறகு தெரிந்தது: ஓரத்தில் பிஸ்கட் காகிதம் கிடந்தது. மணி நாலு முப்பத்தைந்து. அங்கிருந்து பாலத்துக்கு முப்பத்தைந்து நாற்பது நிமிஷம். அதீப் ஓட்டமும் நடையுமாகப் போனான். பின்னால் மூன்று பேரின் மூச்சு கேட்டது. ஓடினாலும் கணக்கு விடவில்லை: நாற்பது என்றால் ஐந்தேகால், முப்பது என்றால் ஐந்து ஐந்து, இருபத்தைந்து என்றால் தேர்ச்சி, இருபத்தைந்தில் இந்த வழியை ஓட மனிதனால் முடியாது.

பனியிலிருந்து தார்ச்சாலை வெளிப்பட்டபோது மணி ஐந்து பன்னிரண்டு.

பாலத்தின் கட்டைச்சுவரில் சடையன் உட்கார்ந்திருந்தான். மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அவர்களை ஏற்றிப்போக வந்திருந்த வேனின் ஓட்டுநர் அவற்றோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்பவாச்சும் காதத் தெறந்தீங்களா சார்?" என்றான் சடையன். "அப்பவே சொல்ல வந்தேன். மாடு பின்னாலயே வந்திருந்தா டீ குடிச்சிட்டுக் குந்திக்கினு இருக்கலாம்."

"மாடு பின்னால போறதுக்கு விதியில ஒண்ணும் தடை இல்லியே," என்றான் ரஞ்சித். பேச்சுத் தடை நீங்கியதும் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது.

மேடம் அதீப்பைத் தனியே கூப்பிட்டார். தேர்வுத்தாளை மடித்த முழங்கால் மேல் வைத்திருந்தார். பேனா மூடி திறந்திருந்தது.

"பன்னெண்டு நிமிஷம் தாண்டிடுச்சுப்பா. மேல இன்னா ஆச்சு? நான் பின்னால இருந்தேன், நீ ஏன் திரும்புனேன்னு பனியில ஒண்ணும் தெரியல. வாட்ச் மக்கர் பண்ணுச்சா?"

ரஞ்சித் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு.

ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்கு மார்ச் வரை உயிர் இருந்தது. கடிகாரமும் எதிர்த்துப் பேசாது. விற்றவரிடம் மூன்று முறை அதன்மேல் பழி போட்டபோதும் அது பேசவில்லை. அதீப் அதைப் பார்த்தான். 17.13 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சரியாகத்தான் இருந்தது.

"வாட்ச் சரியாத்தாங்க இருந்துச்சு மேடம். உச்சியில ஒருவாட்டி திருத்துனேன். கீழ வந்து மொத்தத்தையும் இன்னொருவாட்டி கழிச்சிட்டேன். உப்பு ரெண்டு தபா போட்ட மாதிரி." கள நோட்டைத் திறந்து அடிக்கோடு போட்ட வரியைக் காட்டினான். "இதோ, எழுதிக்கூட வச்சிருக்கேன்."

மேடம் அந்த வரியை வாசித்தார். அதற்கு மேலே இருந்ததையும், அட்டவணையையும், பச்சை சிவப்புக் கோடுகளையும் வாசித்தார். பிறகு தேர்வுத்தாளில் 'தலைவரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வருத்தமாத்தான் இருக்கு அதீப். டிசம்பர்ல அடுத்த வகுப்பு ஆரம்பிக்கும், வா."

"சரிங்க மேடம்."

"பூவிழி," என்று மேடம் குரலை உயர்த்தினார். "நாளைக்கு உன்னோட நாள். ஒரு விஷயம் எல்லாருக்கும் சொல்லிடறேன். பின்னால வர்றவங்க இருமுனாலும் இனி மார்க் கொறைப்பேன்."

வேனில் பூவிழி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலு வாட்டி இருமுனேன். மிட்டாய் குடுக்கற, பாவி."

"நெஜமான இருமல்னு நெனைச்சேன்."

"ரத்தம் எடுக்கற எடத்துல வேலை செய்யறேன். நெஜ இருமல் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்த மாதிரியா இருந்துச்சு?" ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. "நாளைக்கும் இப்டித்தான் இருக்கும் போல. அந்த மேசை அட்டவணைய எனக்கு ஒரு காப்பி எழுதித் தரியா? எங்கிட்டயும் ஒசரம் காட்டற வாட்ச் இருக்கு. எந்த மணிக்கு எவ்ளோன்னு தெரியாது."

அதீப் பைக்குள் கைவிட்டு இன்னொரு சுக்கு மிட்டாயை எடுத்தான். இந்தத் தடவை தன் வாயில் போட்டுக்கொண்டான்.

பள்ளிக்கூட அறைக்கு வந்ததும் மேடம் போன்களைத் திருப்பிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே மேட்டில் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வரும். அங்கே நின்று அப்பாவைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"எத்தினி நிமிஷம் லேட்டு?" என்று அப்பா கேட்டார்.

"பன்னெண்டு."

"உங்க டெஸ்பாட்ச்ல பன்னெண்டு நாள் லேட்டா அனுப்புறானுங்க. எவனும் அழல." பிறகு கேட்டார்: "அந்த அம்மா, வாட்ச் கோளாறுன்னு சொன்னா வுட்ருக்கும் இல்ல?"

"ஆமாங்கப்பா."

"சரி. வூட்டுக்கு வா. பேசிக்கலாம். உங்க அம்மி கேக்கறா, பிரஷர் எப்டி இருக்குன்னு."

"நாலு மணிக்கு ரொம்ப கம்மி ஆயிடுச்சுன்னு சொல்லுங்க," என்றான் அதீப். உண்மை என்பதால் சொன்னான். சொன்ன பிறகுதான், நாளை வீட்டுக்குப் போனால் தட்டில் ஊறுகாய் மலையாகக் குவிந்திருக்கும் என்று உறைத்தது.

அறையில் ரஞ்சித் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தான். பூவிழி வரைபடத்தைத் தரையில் விரித்து 880 கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அதீப் சுத்தமான தாள் ஒன்றை எடுத்து ஸ்கேலை வைத்தான். பிறகு, முதலில் எழுத வேண்டியது வேறு என்று நினைவு வந்து, நாட்குறிப்பைத் திறந்தான்.

12-1-2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 7.15.

இன்று ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு: ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்தேன். பெரிய தவறு. தேறவில்லை. ஒருவர் நாலு முறை இருமி எச்சரித்தும் மிட்டாய் கொடுத்தேன். ஒருவர் வழி சொல்ல வந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். அவருடைய மாடுகள் போன திசையை எழுதிவைத்தேன், படித்துப் பார்க்கவில்லை. கடிகாரத்தின் மேல் பழி போடவில்லை. அதைத் தனியாக எழுதிப் பெருமைப்பட இடமில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

நாளை: காலை ஆறரைக்குள் பூவிழிக்கு அட்டவணையைப் படி எடுத்துக் கொடுக்க வேண்டும். அடியில் சிவப்பில் ஒரு வரி: வழியில் கடிகாரத்தைத் திருத்தினால், திருத்திய மணியிலிருந்து மட்டும் கணக்கிடவும். பத்து மணிக்கு அளவுக்கல்லருகே இருக்க வேண்டும். அவள் முன்னால் போவாள். நான் மூன்றாவதாக நடக்க வேண்டும். பேசக் கூடாது. இருமல் வந்தால் அடக்க வேண்டும்.